புழக்கடைக் குட்டையில் கெண்டை

சேசு மரி சூசை துணை
மாரண்டஹள்ளி
6-6-72

அன்புள்ள ஸ்தனிஸ்லாஸ் மச்சானுக்கு, யாகப்பன் எழுதுவது. இங்கே மாடு கன்று முதற்கொண்டு எல்லோரும் சுகம். தஞ்சாவூர் நெல்லுச்சோற்றில் நீங்களும் தங்கை லூர்துமேரியும் எங்கள் களியை மறந்து நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எல்லோரும் சுகம் என்று கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன். உங்கள் தங்கை சுகமாக இல்லை. பாப்பா ராஜமேரி போன நவம்பரில் நம்மை விட்டுப் போனதிலிருந்து இசபெல்லா சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சாப்பிடு என்றால் இரண்டு வாய், தலை சீவு என்றால் ஓர் இழுப்பு. பேச்சே இல்லை. பங்குச் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். பாலக்கோட்டு டாக்டர் சிவப்பு டானிக் கொடுத்தார். காசு போட்டு வாங்கியது வீணாகக் கூடாதே என்று அதை இப்போது நான்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் புழக்கடையில் சுவர் வைக்க மண் எடுத்த குழி ஒன்று உண்டே, போன மாத மழையில் அது நிரம்பிவிட்டது. ஏரிக் கால்வாய்த் தண்ணீரோடு நாலைந்து கெண்டையும் வந்து சேர்ந்தன. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், இசபெல்லா குழிக்கரையில் குந்தியிருக்கிறாள். கையில் பழைய சோறு. ஒவ்வொரு பருக்கையாகப் போடுகிறாள், மீன் வந்து கவ்வுகிறது. நான் கதவு மறைவில் நின்று அசையாமல் பார்த்தேன். மறுநாளும் எழுந்து போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அப்புறம் கொக்கு வந்து அத்தனையையும் தின்றுவிட்டது. அவளும் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மச்சான், நீங்கள் சர்க்கார் மீன் பண்ணையில் பீல்டுமேன். மீனுக்குப் பிரசவம் பார்க்கிற ஆள் என்று ஊரே உங்களைக் கேலி செய்தது, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இப்போது உங்களிடமே கை நீட்டுகிறேன். அந்தக் குழியில் மீன் வளர்க்க வேண்டும். சாகாத மீனாக வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள். மீன் இருந்தால் அவள் எழுந்திருப்பாள். எனக்குத் தெரிந்த மருந்து இது ஒன்றுதான்.

உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
யாகப்பன்


தஞ்சாவூர்
19-6-72

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, சர்வேசுரன் கிருபையால் நாங்கள் நலம். லூர்துமேரி தினமும் செபமாலையில் இசபெல்லா பெயரைச் சொல்லி ஒரு மணி அதிகமாக உருட்டுகிறாள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மீனுக்குப் பிரசவம் பார்க்கிறவன் என்று என் கல்யாணப் பந்தியில் சத்தமாகச் சொன்னவர் நீங்கள். இருக்கட்டும், சர்க்கார் உத்தியோகஸ்தன் மனசில் வைத்துக்கொள்ள மாட்டான்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். குழியை முதலில் வற்றவிட்டு அடியில் உள்ள சேற்றை வாரிப் போடுங்கள். சுண்ணாம்பு தூவிக் காயவிடுங்கள். பிறகு கிணற்றுத் தண்ணீர் விட்டு, ஒரு கூடை சாணி கரைத்து ஊற்றுங்கள். தண்ணீர் இளம்பச்சையாக வந்தால் குஞ்சு விடலாம். உங்கள் குழி இரண்டு சென்ட் இருக்குமா? அதற்கு நாற்பது குஞ்சு போதும். கொக்கு இறங்காமல் இருக்கக் குழிக்குக் குறுக்கே கயிறு கட்டுங்கள்.

இன்னொன்று. தண்ணீருக்குள் இருந்தாலும் மீனுக்கும் மூச்சு உண்டு. காற்று தண்ணீரில் கரைந்து இருக்க வேண்டும். அது குறைந்தால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரும்பாலும் விடிகிற நேரத்தில்தான் அப்படி வரும். பார்த்தால் உடனே தண்ணீரைக் கலக்கிவிடுங்கள், அல்லது உயரத்திலிருந்து தண்ணீர் விழவிடுங்கள்.

இசபெல்லாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மாப்பிள்ளை, பாப்பாவுக்கு என்னதான் ஆனது? தந்தியில் காய்ச்சல் என்று ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். நான் மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்திருந்தபோதும் நீங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. எழுத முடிந்தால் எழுதுங்கள்.

ஜூலை பிறந்தால் இங்கே மீன் முட்டையிடுகிற காலம், லீவு தர மாட்டார்கள். இல்லையென்றால் நானே வந்து குழியில் இறங்கியிருப்பேன்.

அன்பு மறவாத
ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
மாரண்டஹள்ளி
10-7-72

அன்புள்ள மச்சானுக்கு, யாகப்பன் வணக்கம். உடம்பு எல்லாம் நல்லபடி இருக்கிறது. உங்கள் இருவர் சுகத்துக்கும் பதில் போடுங்கள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பெரியண்ணன் என்கிற ஆளைக் கூலிக்கு வைத்துச் சேற்றை வாரினேன். அவன், "என்னாங்க யாகப்பண்ணே, பொடக்காளியில ஏரி வெட்டறீங்களா, பரிசல் வுடப் போறீங்களா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். இப்போது டீக்கடையில் எல்லோரும் என்னை ஏரி யாகப்பன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நல்ல செய்தி கேளுங்கள். சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தபோது இசபெல்லா கொல்லைக் கதவில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், "மீனு எப்ப வரும்?" என்றாள். மூன்றே சொல். எட்டு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு. சட்டென்று அவள் பக்கம் திரும்பியதில் சுண்ணாம்பு என் கண்ணில் பட்டுவிட்டது. "உங்கண்ணன் அனுப்புவாரு," என்றேன். ஆகவே நீங்கள் அனுப்பியே ஆக வேண்டும்.

நாற்பது என்கிறீர்கள். சர்க்கார் கணக்கு எப்போதும் கஞ்சக் கணக்கு. ஒரு நூறாவது அனுப்புங்கள். இரண்டு செத்தாலும் மூன்று செத்தாலும் குழி வெறிச்சென்று ஆகக் கூடாது. அவள் கண்ணில் அது படக் கூடாது.

நிறைந்த எதிர்பார்ப்புடன்
யாகப்பன்


தஞ்சாவூர்
24-8-72

அன்புள்ள மாப்பிள்ளைக்கும் தங்கை இசபெல்லாவுக்கும், தேவதாயார் துணையிருப்பாளாக. பதில் தாமதத்துக்குப் பொறுக்கவும். இந்த இரண்டு மாதமும் தொட்டியும் வலையுமாகவே போனது, சட்டையைக் கழற்றினால் லூர்துமேரி மூக்கைப் பிடிக்கிறாள்.

உங்கள் பங்கு ஜனங்கள் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருவதாக உபதேசியார் எழுதியிருந்தார். திரும்பும்போது தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு பெரிய தூக்குப் பானையில் ரோகுவும் கட்லாவுமாக நல்ல குஞ்சுகளைக் கொடுத்தனுப்புகிறேன். சகாயமேரியக்கா பொறுப்பாகக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அவர்கள் ஒரு காரியத்தை எடுத்தால் முடிப்பார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

வழியில் பானையைக் குலுக்கிக்கொண்டே வர வேண்டும். இதை ஸ்டேஷனில் நானும் சொல்கிறேன். குலுங்கினால்தான் தண்ணீரில் காற்று சேரும்.

பாப்பா கல்லறைக்குச் சிலுவை வைத்தாயிற்றா? கல்லில் பெயர் வெட்டவா, சிமெண்டில் எழுதவா என்று நேரில் வந்தபோதே கேட்டிருந்தேனே, அதற்குப் பதில் இல்லை.

உங்கள் நலம் நாடும்
ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
மாரண்டஹள்ளி
16-9-72

அன்புள்ள மச்சானுக்கு, யாகப்பன் எழுதுவது. நாங்கள் நடமாடிக்கொண்டிருக்கிறோம். தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

சகாயமேரியக்காவின் பொறுப்பைப் பற்றி எழுதினீர்கள். பொறுப்புத்தான் மச்சான் எல்லாவற்றையும் கெடுத்தது. நீங்கள் குலுக்கச் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. "பச்சப் புள்ளைங்களாட்டம் தூங்குதுங்க, அதைப் போயி எப்படிங்க குலுக்கறது?" என்று தஞ்சாவூரிலிருந்து மொரப்பூர் வரை பானையை மடியில் வைத்து, மேலே மாதாவின் படம் போட்ட துண்டைப் போர்த்தி, அசையாமல் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். ரயிலில் யாராவது இடித்தால்கூடச் சண்டைக்குப் போனார்களாம். அவர்களுக்குக் கால் மரத்துப்போய்விட்டது. மீன் செத்துப்போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு என்னோடு இசபெல்லாவும் வந்திருந்தாள். வீட்டை விட்டு அவள் வெளியே வந்தது அன்றைக்குத்தான். துண்டை எடுத்தவள் அவளேதான். எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சகாயமேரியக்கா ஓவென்று அழுதுவிட்டார்கள். இசபெல்லா அழவில்லை. கையை விட்டு அளைந்து அளைந்து உயிரோடிருந்த ஆறேழு குஞ்சைப் பொறுக்கித் தன் டிபன் டப்பாவில் விட்டுக்கொண்டாள். வீடு வரை நடையிலேயே அதைக் குலுக்கிக்கொண்டு வந்தாள். யார் சொன்னார்கள் அவளுக்கு?

அந்த ஆறேழு மீனை நம்பி நான் எப்படித் தூங்குவேன்? மறுநாளே கிருஷ்ணகிரி அணைக்குப் போனேன். அங்கேயே குஞ்சு கிடைக்கிறது மச்சான். இதை நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மைத்துனன் கையால் வந்ததாக இருக்க வேண்டும் உங்களுக்கு. போகட்டும். ஒரு டின் நிறையச் சாதாக் கெண்டை வாங்கி, ராயக்கோட்டை பஸ்ஸில் நின்றபடியே ஆட்டிக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "என்னாங்க, சாமி வந்துட்டுதா?" என்று கேட்டான். இருநூறுக்குக் குறையாது. ஒன்றுகூடச் சாகவில்லை. குட்டை இப்போது கொப்பளிக்கிறது.

அதிகம் என்று திட்டாதீர்கள்.

யாகப்பன்


தஞ்சாவூர்
2-10-72

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நாங்கள் நலம், நீங்கள் இருவரும் நலமாயிருக்க மன்றாடுகிறோம்.

திட்டத்தான் போகிறேன். இரண்டு சென்ட் குட்டையில் இருநூறு மீனா? பாதிக்கு மேல் பிடித்து ஏரியில் விட்டுவிடுங்கள். இப்போது விரல் நீளம், தெரியாது. வளர வளர ஒவ்வொன்றுக்கும் மூச்சு கூடுதலாக வேண்டும். மழைமூட்டம் வந்தால் தண்ணீரில் காற்றே இருக்காது. தீனி ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், மூட்டமான நாளில் அதுவும் வேண்டாம். தின்னாத தீனி அழுகினால் அதுவும் தண்ணீரிலிருக்கும் காற்றைத் தின்னும்.

கிருஷ்ணகிரி விஷயத்தில் நீங்கள் எழுதியது சரி. நான் அனுப்பிய மீனைப் பார்த்து என் தங்கை எழுந்தாள் என்று இருக்க வேண்டும் என ஆசைப்பட்டேன். இங்கே உட்கார்ந்து வேறு என்னால் என்ன செய்ய முடிகிறது?

அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
மாரண்டஹள்ளி
25-10-72

அன்புள்ள மச்சானுக்கு, யாகப்பன். இங்கே சுகம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். உங்கள் சுகத்தை எழுதுங்கள்.

இசபெல்லா விடிந்தால் குட்டைக்கரை, பொழுது சாய்ந்தால் குட்டைக்கரை. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டில் பிசைந்து உருண்டை உருண்டையாகப் போடுகிறாள். களி கிண்டினால் முதல் உருண்டை மீனுக்கு. அதுகளோடு பேசுகிறாள் மச்சான். "நீ தின்னுட்ட, அவனுக்கு வுடு," என்கிறாள். தலை சீவிப் பூ வைத்துப் போன ஞாயிறு பூசைக்கும் போய்வந்தாள்.

ஆனால் தண்ணீர் கீரைக்குழம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. நாலு நாளாக விடியலில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நீங்கள் எழுதியிருந்தபடியேதான். ஆனால் எழுத்தில் படிப்பது வேறு, நின்று பார்ப்பது வேறு. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு பலகையால் தண்ணீரை அடி அடி என்று அடிக்கிறேன். வெயில் ஏறினால் அவை கீழே போகின்றன. அதற்குப் பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றுகிறது.

தீனியைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளிடம் போடாதே என்று எந்த வாயால் சொல்வது? போட்டுத்தானே எழுந்தாள். பாதி மீனைப் பிடித்து ஏரியில் விடுங்கள் என்கிறீர்கள். எந்தப் பாதியை? வலையை எடுத்துக்கொண்டு இறங்கினேன், அதுகள் தீனி என்று நினைத்து என் காலைச் சுற்றி வந்தன. ஏறிவிட்டேன்.

ஊதுகிற மிஷின் ஏதாவது சர்க்காரில் உண்டா? கேட்டு எழுதுங்கள்.

யாகப்பன்


தஞ்சாவூர்
3-11-72

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, நேற்றுக் கல்லறைத் திருநாளில் பாப்பாவுக்காக இங்கே கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். நீங்களும் கல்லறைக்குப் போயிருப்பீர்கள். இசபெல்லா தாங்கினாளா?

மிஷின் பெரிய பண்ணைக்கே இல்லை. ஒரு வழி சொல்கிறேன். மண்ணெண்ணெய் டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்துங்கள். மோட்டார்க் குழாய் வாயில் உயரமாகக் கட்டிவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் மழை மாதிரி பிரிந்து குட்டையில் விழும், விழும்போது காற்றைச் சேர்த்துக்கொள்ளும். பழைய தண்ணீரை மறுபக்கம் வெட்டிவிடுங்கள். கரண்டு இருக்கும்வரை இது போதும்.

ஆனால் தீனியை நிறுத்தாமல் எதுவும் நிற்காது. அடுத்த மூட்டத்தில் மொத்தமும் போய்விடும், அப்போது அவள் மொத்தமாக அல்லவா பார்ப்பாள்? நான் தனியாக அவளுக்கு எழுதட்டுமா? சர்க்கார் உத்தரவு என்று பயம் காட்டி எழுதுகிறேன். சின்ன வயதில் போலீஸ் என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிவாள்.

பாப்பாவின் வருஷப் பூசைக்கு நாள் குறித்துவிட்டீர்களா?

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
மாரண்டஹள்ளி
27-11-72

மச்சானுக்கு, யாகப்பன். சுகம். அங்கும் சுகமாக இருக்க வேண்டும்.

அவளுக்கு எழுத வேண்டாம். எழுதவே வேண்டாம். அவள் இன்னும் தேறவில்லை.

டின் கட்டினேன். நன்றாகத்தான் விழுகிறது. ஆனால் விடிகிற நேரம் பார்த்துக் கரண்டு போகிறது. அப்போது குடத்தால் மொண்டு மொண்டு உயரத் தூக்கி ஊற்றுகிறேன். ஒரு கரையில் ஊற்றினால் மறுகரையில் வாயைத் திறக்கின்றன. அங்கே ஓடினால் இங்கே. ஓர் ஆள் போதவில்லை மச்சான். செத்ததை அவள் எழுவதற்குள் வாரி முருங்கை அடியில் புதைத்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு ஓடிப் புதுக் குஞ்சு வாங்கி விடுகிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தீனி குறையாமல் விழுந்துகொண்டிருக்கிறது.

வருஷப் பூசை நடந்தது. அவள் சகாயமேரியக்காவோடு போய்வந்தாள், கல்லறைத் திருநாளுக்கும் அப்படியே. இரண்டு நாளும் மூட்டமாக இருந்ததால் நான் குட்டையை விட்டு நகர முடியவில்லை.

தக்காளி பழுத்து உதிர்கிறது. போன வாரம் இவளே ஆள் வைத்துப் பறித்து, டிராக்டரில் ஏறிப் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தாள். இப்படி நினைத்த நினைப்பில் கிளம்பிப் போகிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வந்ததும் என்னைப் பார்த்து, "மொதல்ல நீங்க வூட்டுக்குள்ள வந்து சாப்புடுங்க," என்று கத்துகிறாள். குழம்பிய மனசு, கோபம் வருகிறது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுகரைக்குப் போய்விடுகிறேன்.

மூட்டம் போட்டிருக்கிறது. எழுத நேரமில்லை.

யாகப்பன்


தஞ்சாவூர்
8-12-72

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, இங்கே புயல் மழையில் பண்ணைக் கரை உடைந்து இரவும் பகலும் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தை லூர்துமேரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, "அண்ணி தக்காளி வித்துட்டு வர்றாங்க, சோறாக்கிக் கூப்புடறாங்க. இதுல யாருங்க தேறல?" என்றாள். உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

மாப்பிள்ளை, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இத்தனை கடிதத்தில் நான் இதைக் கேட்கவே இல்லை. மீன் போனால் போகட்டும். உள்ளே போய்ப் படுங்கள், சாப்பிடுங்கள். மச்சான் சொல்கிறேன்.

உடனே ஒரு கார்டாவது போடுங்கள்.

ஸ்தனிஸ்லாஸ்


தஞ்சாவூர்
27-12-72

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, கிறிஸ்மஸ் வாழ்த்து. மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஓர் எழுத்தும் இல்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நிற்கிறேன். கரை வேலை முடிகிறவரை யாருக்கும் லீவு இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். இசபெல்லா, இது உன் கையில் கிடைத்தால் நீயாவது எழுது.

ஸ்தனிஸ்லாஸ்


சேசு மரி சூசை துணை
மாரண்டஹள்ளி
4-1-73

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை இசபெல்லா எழுதுவது. ஒரு வருஷமாக உங்கள் கடிதங்களுக்குப் பதில் போடாததற்குக் கோபம் வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு. நான் சுகமாக இருக்கிறேன். அவர் இதை எழுதியிருக்க மாட்டார் என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

நான் படுத்துக் கிடந்தது நிஜம். மீன் வந்து எழுந்ததும் நிஜம். தீனி போட்டுக்கொண்டே அழுவேன். தண்ணீரைப் பார்த்துக் குனிந்திருப்பதால் யாருக்கும் தெரியாது. அப்படி அழுது அழுது அக்டோபருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷியாகிவிட்டேன். தண்ணீர் நாறுவது எனக்குத் தெரியாதா அண்ணா? முருங்கை அடியில் தினம் தினம் புதுமண் கிடந்தால் கேட்கமாட்டேனா? நவம்பர் பிறந்ததுமே தீனியை நிறுத்திவிட்டேன். அவர்தான் அள்ளி அள்ளிப் போட்டார். கேட்டால், "நீதானே போட்ட," என்பார். உங்களுக்குப் பொய் எழுதினார் என்று நினைக்காதீர்கள். நான் போட்டதாகவே அவர் நம்பினார்.

புயல் மழையில் நாலைந்து நாள் சூரியனே இல்லை, கரண்டும் இல்லை. இரண்டு பேருமாகக் குடத்தால் ஊற்றிப் பார்த்தோம். மீன் எல்லாம் மிதந்துவிட்டது, ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாவற்றையும் சேர்ந்தே புதைத்தோம். பாவம், இனியாவது தூங்குவார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியலில் புழக்கடையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையால் அடித்துக்கொண்டிருக்கிறார். "மீனே இல்லீங்களே," என்றேன். "சும்மா இரு, வாயத் தொறக்குது பாரு. கொஞ்சம் பொறுத்தா மூச்சு வந்துரும்," என்றார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறுவதில்லை. கிறிஸ்மஸ் அன்றும் அப்படித்தான்.

பாப்பாவுக்கு என்ன ஆனது என்று அவரைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதங்களை இன்றைக்குத்தான் எடுத்துப் படித்தேன். நான் சொல்கிறேன். அது தொண்டை அடைப்பான். முதல் நாள் வெறும் காய்ச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் விடியலில் மூச்சுக்குத் திணற ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, அவரால் காத்திருக்க முடியவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டு ரோட்டில் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். பாப்பா வாயைத் திறந்து திறந்து மூடினாள், காற்று உள்ளே போகவில்லை. அவர் ஓடிக்கொண்டே துண்டால் விசிறினார், அவள் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். "கொஞ்சம் பொறு சாமி, மூச்சு வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே ஓடினார். வழியில் அவள் அடங்கிவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. அவர் ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடினார்.

அதற்குப் பிறகு நான் படுத்துக்கொண்டேன். வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சாமியார் என்னை மந்திரித்தார், டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார், நீங்களும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வீட்டில் ஒருத்தர்தான் படுக்கலாம் என்று அவர் நின்றபடியே இருந்துவிட்டார். அன்றைக்கும் அவர் அழவில்லை. இன்றுவரை அழவில்லை. நான் முந்தியே எழுந்திருக்க வேண்டும், அண்ணா. எழுந்தேன்தான், ஆனால் அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

தருமபுரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாலும் விடியலில் எழுந்துவிடுகிறார். குட்டையை மூடிவிடலாம் என்று, சேறு வாரிய பெரியண்ணனைக் கூப்பிட்டேன். மண்வெட்டியைப் பார்த்ததும் இவர் குட்டைக்குள் இறங்கி, கையிரண்டையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெரியண்ணனே அழுதுகொண்டு போய்விட்டார்.

இந்த மார்கழிக் குளிரில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கூப்பிட்டால் வருவதில்லை, பிடித்து இழுத்தால் கோபப்படுகிறார். ஆகவே இரண்டு நாளாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்குகிறேன். பலகையின் இன்னொரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் அடித்தால் அவருக்குச் சீக்கிரம் கை ஓய்ந்துவிடுகிறது, கரையேறி வந்து கொஞ்சம் களி தின்கிறார். வேறு எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் வந்து என்ன செய்ய முடியும் என்றும் தெரியவில்லை. லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வந்துவிடுங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். உங்களைப் பார்த்ததும் மீன் எங்கே என்றுதான் அவர் கேட்பார். கேட்டாலும் கேட்கட்டும், மீன் மட்டும் கொண்டுவராதீர்கள்.

உங்கள் வரவை எதிர்நோக்கும் தங்கை
இசபெல்லா